கறகறவென்று திறக்கும், மடக்கினால் மடங்காது

போன மாதம் பேனாக்கத்திக்குச் சாணை பிடிப்பது பற்றி இங்கே நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் சாணையைப் பற்றியே இல்லை, அவரவர் மேசை டிராயரில் கிடக்கும் கத்தியைப் பற்றித்தான். அதில் தேனியிலிருந்து வந்த கடிதம் ஒன்று என்னை இரண்டு நாள் பிடித்துவைத்துக்கொண்டது. முதலில் அது.

என் மருமகன் ஸ்பெயினில் வேலை பார்க்கிறார். இந்த முறை வந்தபோது கையால் செய்ததென்று ஒரு மடக்குக்கத்தி கொடுத்தார். மாட்டுக்கொம்புப் பிடி, மீன் மாதிரி வளைந்த உடம்பு, முதுகில் ஒரு சின்ன வளையம். திறக்கும்போது கறகறவென்று சத்தம். திறந்தாகிவிட்டது, மடக்கத்தான் முடியவில்லை. மருமகன் ஊருக்குத் திரும்பிவிட்டார், அவரிடம் போய் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பலமாக அழுத்தினால் ஒடிந்துவிடுமா? இப்போது திறந்தபடியே பீரோ மேல் கிடக்கிறது.
– வாசகர், தேனி

அழுத்தாதீர்கள் ஐயா. முதுகில் ஒரு வளையம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சாவி. பிடியை இடது கையில் பிடித்து, விரல்கள் அலகு வந்து விழும் பள்ளத்துக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, வளையத்தை மேலே இழுங்கள். இழுத்தபடியே வலது கையால் அலகின் முதுகைப் பிடித்து மடக்குங்கள், சத்தமே இல்லாமல் வந்து படுத்துக்கொள்ளும். பாதியில் வளையத்தை விட்டுவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுகொள்ளும், பயப்பட வேண்டாம், மறுபடி இழுத்தால் போதும். பழைய கத்திகளில் வில், அதாவது ஸ்பிரிங், கொஞ்சம் கடினமாக இருக்கும், வளையத்துக்குள் ஒரு துணியைக் கோத்து இழுக்கலாம். சில கத்திகளில் வளையத்துக்குப் பதில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், வேலை ஒன்றுதான்.

உங்கள் கையில் இருப்பதற்கு அந்த ஊரில் நவாஹா என்று பெயர், இந்தப் பூட்டுக்குப் பெயர் கர்ராக்கா. ஸ்பெயினின் மடக்குக்கத்திகளில் பெயர்போன ஊர் அல்பாசெத்தே. மத்ரீத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர், லா மாஞ்சா சமவெளியில் இருக்கிறது. முன்பெல்லாம் ரயில் நின்றதும் இடுப்புப் பட்டையில் வரிசையாகக் கத்திகளைச் செருகிக்கொண்டு வியாபாரிகள் பெட்டி பெட்டியாக ஏறி இறங்குவார்களாம், நம் மணப்பாறையில் முறுக்கு விற்கிற மாதிரி. அந்தக் கத்தி வியாபாரிக்கு ஊர் நடுவில் சிலையே வைத்திருக்கிறார்கள். 2004இல் கத்திகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். உங்கள் மருமகன் விமான நிலையக் கடையில் அவசரத்துக்கு எதையோ வாங்கி வந்தவர் இல்லை என்று நினைக்கிறேன்.

கர்ராக்கா என்ற சொல்லுக்கு மரத்தால் செய்த கிலுகிலுப்பை என்று பொருள். ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் கோயில் மணி ஒலிக்கக்கூடாது என்பதால் ஸ்பெயினில் பல்சக்கரம் வைத்த அந்த மரக் கருவியைச் சுற்றுவார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களிலும் புனித வெள்ளியன்று மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் கத்திக்கு வைத்துவிட்டார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். அலகின் அடிப்பகுதி, அதாவது ஆணி கோத்திருக்கும் குதிங்கால், வட்டமாக இருக்கும். அந்த வட்டத்தின் ஓரத்தில் அரத்தால் ராவிப் பற்கள் வெட்டியிருப்பார்கள். பிடியின் முதுகோடு ஒரு எஃகுப் பட்டை போகும், அதுதான் வில். அதன் ஒரு முனை பிடியோடு ஆணி அடித்துப் பிடித்திருக்கும். மறுமுனையில் சதுரமாக ஒரு ஜன்னல், அந்த ஜன்னல் பற்களின் மேல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் அலகைத் திறக்கத் திறக்க ஒவ்வொரு பல்லும் வில்லைத் தூக்கிவிட்டு ஜன்னலுக்குள் வந்து விழும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கர்’. பல்லின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. சரிவில் ஏறிப் போகலாம், செங்குத்தில் திரும்பி வர முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்சக்கரத்தில் டிக் டிக் என்று ஃப்ரீவீல் பேசுமே, அந்தக் குடும்பம்தான் இது. தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி ஞாபகமிருந்தால் இன்னும் சுலபம்: கட்டையைத் தூக்கினால்தான் அடுத்த பள்ளத்துக்கு மாற்ற முடியும், தூக்காமல் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் நகராது.

நீங்கள் அழுத்திய அழுத்தம் முழுக்க ஒரே ஒரு பல்லின் செங்குத்துப் பக்கத்தில்தான் விழுந்திருக்கும். வளையத்தை இழுத்து மடக்கிய பிறகு மெதுவாக ஒரு தடவை திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் ஒன்று மழுங்கலாக ஒலித்தால் எனக்கு எழுதுங்கள்.

பூட்டுவதற்கு ஒரு பல் போதாதா? எதற்கு இத்தனை? வெறும் பகட்டுதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பாதி சரி. முழுக்கத் திறந்தபின் அலகைத் தாங்குவது கடைசிப் பல் மட்டும்தான், மற்றவை வழியில் பாடிவிட்டுப் போகிறவை. பயமுறுத்தத்தான் சத்தம், இருட்டில் கேட்டால் எதிராளி ஓடிவிடுவான் என்று ஒரு கதை ஸ்பெயின்காரர்களே சொல்வார்கள். ஏழு வில் நவாஹா என்று பேச்சுவழக்கில் சொல்வதும் அந்தக் கதையோடு சேர்ந்ததுதான். உண்மையில் வில் ஒன்றே ஒன்று, எண்ணிக்கை பற்களுக்கு.

ஆனால் பகட்டு மட்டும் என்று தள்ளிவிடவும் மாட்டேன். சாதாரண மடக்குக்கத்தி பாதி திறந்த நிலையில் கை வழுக்கினால் விரல் மேல் வந்து மூடும். இது மூடாது, எந்தப் பல்லில் விட்டீர்களோ அங்கேயே நிற்கும். குளிரில் விறைத்த கையோடு, ஆட்டு மந்தைக்கு நடுவில், ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் வெட்டிச் சாப்பிட்ட மேய்ப்பனுக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் இன்னொன்று. நான் முப்பது வருஷம் ஒரு ஆலையின் டூல்ரூமில் அரத்தோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒரு பல்லைச் சரியாக ராவுவது பெரிய காரியமில்லை. ஏழெட்டுப் பல்லை ஒரே வட்டத்தில், ஒரே ஆழத்தில், ஒரே சரிவில் ராவி, ஒவ்வொன்றும் அந்த ஒரே ஜன்னலில் ஆடாமல் உட்காரும்படி செய்வதுதான் வேலை. ஒரு பல் மயிரிழை உயரமாக இருந்தாலும் அந்த இடத்தில் கத்தி திக்கும். ஆழம் அதிகமானால் வில் படாரென்று விழும், வளையத்தை இழுக்கும்போது கை வலிக்கும். கொஞ்சம் ராவி, கோத்து, திறந்து பார்த்து, கழற்றி, மறுபடி கொஞ்சம் ராவி என்று போகும் வேலை அது. கைவேலைக் கத்திக்கு நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு கொம்புக்கோ எஃகுக்கோ போவதில்லை, இந்த ராவலுக்குத்தான் போகிறது. கடையில் வாங்கும்போதும் அதனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை திறந்து சத்தத்தைக் கேளுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று அச்சில் குத்தித் தள்ளும் கத்திகளில் கறகறப்பு ஏதோ தகரப் பெட்டியைச் சுரண்டுவது போலிருக்கும், திறந்தபின் அலகு பக்கவாட்டில் ஆடும்.

படத்தில் வில்லன் பட்டனைத் தட்டியதும் ‘டக்’கென்று திறக்குமே, அதுவா இது?
– வாசகர், சேலம்

இல்லை. அது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அலகை வெளியே தள்ளும் வகை. நம் நாட்டில் அந்தப் பெயரைச் சம்பாதித்தது உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர். நவாஹாவின் வில் அலகைத் தள்ளாது, பிடிக்க மட்டும் செய்யும். நகத்தை வைத்து நீங்கள்தான் இழுக்க வேண்டும். ஸ்பெயினிலேயே பட்டன் கத்திக்குத் தடை, இதற்கு இல்லை.

என்னிடமும் இதே மாதிரி கத்தி இருக்கிறது. வருஷக்கணக்காகப் பூட்டிவைத்திருந்ததால் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தேன். இப்போது சத்தமே வரவில்லை, வில்லும் மெதுவாகத்தான் விழுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஊரில் எல்லா நோய்க்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து, புரிகிறது. ஆனால் சமையல் எண்ணெய் எதுவானாலும் நாள்பட்டால் பிசினாகிவிடும். பற்களின் இடுக்கில் அந்தப் பிசினும், சட்டைப்பையின் பஞ்சும், தூசியும் சேர்ந்து ஒரு களிம்பாக அடைந்திருக்கும். பல் ஜன்னலுக்குள் முழுசாக இறங்கவில்லை, அதனால்தான் சத்தமில்லை. சத்தம் போனதோடு போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள், பாதிதான் இறங்கிய பல் பாதிதான் பூட்டும், அழுத்தி வெட்டும்போது நழுவிக் கையில் மடங்கலாம்.

பழைய பல்துலக்கும் பிரஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி பற்களையும் ஜன்னலையும் தேயுங்கள். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். கொம்புப் பிடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சிமுனையில் துணி சுற்றி இடுக்குகளைத் துடையுங்கள். முழுக்கக் காய்ந்தபின் ஆணிக்கு ஒரு சொட்டு, பற்களுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். இரண்டே சொட்டு. திறந்து மூடித் திறந்து மூடி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஊறவைத்தல் என்ற சொல்லை ஊறுகாயோடு நிறுத்திக்கொள்வோம்.

கொம்பு விஷயம் தனி. அது நகம், முடி மாதிரிப் பொருள். தண்ணீரில் கிடந்தால் ஊதும், வெயிலில் கிடந்தால் வெடிக்கும், பூச்சியும் தின்னும்: பட்டுப்புடவையை அரிக்கிறதே, அதே ஜாதிப் பூச்சிதான். டிராயரில் ஒரு கற்பூரத்துண்டு போட்டுவையுங்கள். தோல் உறை அழகாக இருக்கும்தான், ஆனால் கத்தியை அதிலேயே வைத்துவிடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், உங்கள் ஊர் மழைக்கு ஒரே மாதத்தில் துரு பார்த்துவிடலாம். பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

நம் திருப்பாச்சிப் பட்டறையில் கொடுத்தால் செய்துவிட மாட்டார்களா? அரிவாளே அடிக்கிறவர்களுக்கு இதென்ன பிரமாதம்?
– வாசகர், சிவகங்கை

அலகை அடித்துவிடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லாரிப் பட்டாவை அரிவாளாக்கும் கை, நாலங்குல அலகை மதியத்துக்குள் முடித்துவிடும். சிக்கல் வில்லில்தான் இருக்கிறது. அரிவாளுக்கு வாய் கெட்டியாக இருக்க வேண்டும், முதுகு அடி தாங்க வேண்டும், அந்தப் பதம் அவர்களுக்குத் தலைமுறைப் பாடம். வில்லுக்கு வேண்டியது வேறு பதம். ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். கெட்டியானால் ஜன்னல் மூலையில் விரிசல் விடும், ஏனென்றால் ஓட்டை போட்ட இடம் எப்போதுமே பலவீனம். மென்மையானால் நாலு நாளில் வளைந்தபடி நின்றுவிடும்.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற புதிதில், எங்கள் தெருமுனைப் பட்டறைக்காரரோடு சேர்ந்து ஒன்று செய்து பார்த்தேன். பழைய ரம்பத் துண்டில் வில், அஞ்சு பல். முதல் வில் மூன்றாவது நாள் ஜன்னலோடு ஒடிந்தது. இரண்டாவதைச் சூடு காட்டி நீல நிறம் வந்ததும் எடுத்தோம், அது நின்றது. ஆனால் ஜன்னல் மூலைகளைக் கூராக விட்டதுதான் முதல் தவறு என்று எனக்கு உறைத்ததே முதல் வில் ஒடிந்தபின்தான், இரண்டாவதில் மூலைகளை லேசாக உருட்டி ராவியிருந்தேன். முப்பது வருஷ டூல்ரூம் அனுபவம்! பட்டறைக்காரர் சிரித்தார், “சார், இதுக்கு ஒரு கயிறு போட்டுக் கட்டிட்டா தீந்துது” என்றார். அந்தக் கத்தி இன்னும் இருக்கிறது. மூன்றாவது பல் திக்கும். யாருக்கும் காட்டுவதில்லை.

முயற்சி செய்கிறவர்கள் மூன்று பல்லோடு ஆரம்பியுங்கள்.

அழகு இருக்கட்டும். பயணத்தில் பழம் நறுக்க, பார்சல் பிரிக்க ஒரு மடக்குக்கத்தி வேண்டும். பூட்டு உறுதியாக இருக்க வேண்டும். எது வாங்கலாம்?
– வாசகி, சென்னை

நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன் அம்மா: நவாஹா வேண்டாம். அதை மூட இரண்டு கை வேண்டும், பல் இடுக்கில் மாம்பழச் சாறு போனால் கழுவுவது ஒரு வேலை, பேருந்தில் திறந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

என் கைக்குப் பிடித்தது பிரான்சின் ஒபினெல். சவுவா மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்ய ஆரம்பித்த கத்தி. மரப்பிடி, ஒரு ஆணி, ஒரு அலகு. ரொம்ப காலம் அதற்குப் பூட்டே இல்லை. 1955இல் மார்செல் ஒபினெல் பிடியின் கழுத்தில் ஒரு எஃகு வளையம் மாட்டினார். வளையத்தில் ஒரு பிளவு இருக்கும், அலகு அதன் வழியாகத் திறக்கும், திறந்தபின் வளையத்தைத் திருகினால் பிளவு நகர்ந்து அலகின் வழியை அடைத்துவிடும். அவ்வளவுதான் பூட்டு. வில்லும் இல்லை, பல்லும் இல்லை. 2000இலிருந்து மூடிய நிலையிலும் பூட்டலாம் என்று மாற்றினார்கள், கைப்பைக்குள் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற கவலை இல்லை. எட்டாம் நம்பர் வாங்குங்கள், அலகு எட்டரை சென்டிமீட்டர், மாம்பழத்துக்குப் போதும். ஒரே குறை, மரப்பிடி தண்ணீர் குடித்து ஊதினால் அலகைத் திறக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கைவேலை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், அது தொழிற்சாலைச் சரக்கு, அதனால்தான் மலிவு.

கெட்டியான பூட்டு என்றால் முதுகுப் பூட்டு. அமெரிக்காவின் பக் 110 கத்தி 1964இல் பிரபலமாக்கியது. பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல், அதன் கொக்கி அலகின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். கனமான கத்தி, பார்சல் பிரிக்க இவ்வளவு தேவையில்லை.

நவாஹாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். ஒகாபி என்று பெயர். 1902இல் ஜெர்மனியில் ஆப்பிரிக்கச் சந்தைக்காகச் செய்ய ஆரம்பித்தார்கள், பிற்பாடு தயாரிப்பே தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அதே முதுகு வளையம், அதே கறகறப்பு. எளியவர் பையில் இருந்த மலிவுக் கத்தி.

எதை வாங்கினாலும் ஒன்று: பூட்டு இருக்கிறதே என்று முனையால் குத்தி நெம்பாதீர்கள். அலகு உங்கள் பக்கம் மடங்கும் விதமாக விசை போகும் வேலை எதற்கும் மடக்குக்கத்தி ஆகாது.

இதையெல்லாம் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? விமானத்தில் எடுத்து வரலாமா?
– வாசகர், திருச்சி

கைப்பையில் கூடவே கூடாது, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. ஏற்றிவிடும் பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். ஸ்பெயினில் அலகு 11 சென்டிமீட்டருக்கு மேல் போனால் வீட்டில் சேகரிப்பாக வைக்கலாம், வெளியே கொண்டுபோகக்கூடாது. நம் நாட்டு ஆயுத விதிகளில் 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் அலகுகள் ஆயுதப் பட்டியலில் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமானவை தவிர. பழம் நறுக்கும் கத்தி அந்தப் பக்கமே போகாது. ஆனாலும் கோயில் திருவிழாக் கூட்டத்தில் கறகறவென்று திறந்துகாட்டிவிட்டு, சட்டப்படி என் அலகு மூன்றரை அங்குலம்தான் என்று போலீஸ்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பார்களே?
– வாசகி, காரைக்குடி

நம் வீடுகளில் கத்தியைக் கையில் கொடுக்கவே மாட்டார்கள், கீழே வைத்து எடுக்கச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் ஸ்பெயினிலும் இதே பயம் உண்டு. அதற்குப் பரிகாரமும் வைத்திருக்கிறார்கள்: கத்தியை வாங்கிக்கொள்கிறவர் ஒரு சின்ன நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது அது பரிசு இல்லை, விலைக்கு வாங்கியது, உறவுக்குப் பழுதில்லை.

தேனி ஐயா, நீங்கள் மருமகனுக்கு ஏதாவது கொடுத்தீர்களா? ஒரு ரூபாய் அனுப்பிவிடுங்கள். பணம் வந்ததும் என்னவென்று கேட்டு அவரே போன் செய்வார், மடக்கத் தெரியாமல் பீரோ மேல் வைத்த கதையையும் அப்போது சொல்லிவிடலாம்.